எக்ஸ்ரே வாங்கிய கொசு: மலேரியா தடுப்பூசிக்குப் பின்னால் இருக்கும் பெண்

[திரையில்: கையில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும் கொசு, மிக அருகில்]

வணக்கம் நண்பர்களே. "உங்களுக்கு மலேரியா வராமல் இருக்க ஒரு வழி இருக்கிறது, ஆயிரம் கொசுக்கடி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு டாக்டர் சொன்னால் என்ன செய்வீர்கள்? நானாக இருந்தால் ஃபீஸ்கூடக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுவேன். ஆனால் அமெரிக்காவில் சிலர் நிஜமாகவே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடித்ததும் சாதாரணக் கொசு இல்லை. மலேரியாக் கிருமியை ஏற்றி, அதற்கு மேல் கதிர்வீச்சும் கொடுத்த கொசு. ஆயிரத்துக்கு மேல் கடி வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு, பிறகு நிஜ மலேரியாக் கொசு கடித்தும் நோய் வரவில்லை.

இந்தக் கூத்துக்கெல்லாம் ஆரம்பம், ரூத் நுசென்ஸ்வைக் என்ற விஞ்ஞானி 1967இல் வெளியிட்ட எலி ஆராய்ச்சி. அந்தக் குடும்பப் பெயரைச் சரியாகச் சொல்ல எனக்கு நாலைந்து டேக் ஆகிவிட்டது, அதனால் இனி ரூத் என்றே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வாழ்க்கை வரலாற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். 1928, வியன்னா, யூதக் குடும்பம், அப்பா அம்மா இருவரும் டாக்டர்கள். நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கியதும் குடும்பம் பிரேசிலுக்குத் தப்பியது. சாவோ பாவ்லோவில் மருத்துவம் படிக்கும்போது உடன் படித்த விக்டரைக் காதலித்துத் திருமணம். விக்டருக்கு அப்போது ஆய்வகத்தைவிட இடதுசாரி அரசியல்தான் முக்கியம்; அவரை ஆராய்ச்சிப் பக்கம் இழுத்து வந்தவரே ரூத்தான். அப்புறம் பாரிஸ், அங்கிருந்து நியூயார்க் பல்கலைக்கழகம். 1964இல் பிரேசிலில் ராணுவ ஆட்சி வந்துவிட்டதால் நியூயார்க்கே ஊராகிவிட்டது.

நடுவில் ஒன்றை மட்டும் விட மனமில்லை. சின்ன வயதில் வாய்ப்புண் வந்தால் நாக்கெல்லாம் நீலமாகத் தடவிவிடுவார்களே, ஜென்ஷியன் வயலட், ஞாபகம் இருக்கிறதா? பிரேசிலில் சாகஸ் என்று ஒரு ஒட்டுண்ணி நோய், ரத்தம் ஏற்றும்போதும் தொற்றும். ஏற்றப்போகும் ரத்தத்தில் இந்த நீல மருந்தைக் கலந்தால் கிருமி செத்துவிடும் என்று மாணவப் பருவத்திலேயே கண்டுபிடித்த குழுவில் ரூத்தும் விக்டரும் இருந்தார்கள். லத்தீன் அமெரிக்க ரத்த வங்கிகளில் பல வருடங்கள் இந்த முறை புழக்கத்தில் இருந்தது.

சரி, மலேரியாவுக்கு வருவோம்.

[திரையில்: கொசு, கல்லீரல், சிவப்பணு வரைபடம்]

கொசு கடிக்கும்போது எச்சிலோடு ஊசி மாதிரி மெலிந்த கிருமிகள் உள்ளே போகும். பெயர் ஸ்போரோசோயிட். ஒரு கடியில் சில பத்துகள்தான் போகும், நூறைத் தாண்டுவதே அபூர்வம். அவை ரத்தத்தில் ஏறி நேராகக் கல்லீரலுக்குப் போய் ஒளிந்துகொள்ளும். ஏறக்குறைய ஒரு வாரம் நமக்கு ஒன்றுமே தெரியாது. கல்லீரலில் ஒரே ஒரு கிருமி பல்லாயிரமாகப் பெருகி, வெடித்து, சிவப்பணுக்களுக்குள் நுழையும்போதுதான் குளிரும் காய்ச்சலும். ஆக, நாம் மலேரியா என்று சொல்வதே இரண்டாம் பாதியைத்தான்.

மலேரியா ஒரு தடவை வந்தால் அம்மை மாதிரி மறுபடி வராது என்றெல்லாம் கிடையாது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் வருடக்கணக்காகத் திரும்பத் திரும்ப வந்து வந்துதான் உடம்பு ஓரளவு பழகும். அந்தப் பழக்கம் வருவதற்குள் போய்விடுகிறவர்கள் குழந்தைகள். ஊரை விட்டுச் சில வருடங்கள் வெளியே இருந்தால், பெரியவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு தேய்ந்துவிடும். இயற்கையாலேயே முடியாததைத் தடுப்பூசி எப்படிச் செய்யும்? பலர் கைவிட்டதற்குக் காரணம் இதுதான்.

ரூத்தின் யோசனை என்ன? கல்லீரலுக்குப் போகும் முன்பே, அந்த முதல் சில கிருமிகளிடமே சண்டை போடுவோம். பல்லாயிரமான பிறகு துரத்துவதைவிட வாசலில் நாலு பேரைப் பிடிப்பது சுலபம்தானே?

இதற்கு ஒரு முன்னோடி நம் நீலகிரியில் இருக்கிறது! 1940களின் தொடக்கத்தில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் பால் ரஸ்ஸலும் பி.என். மோகனும், புறஊதா ஒளி பட்ட ஸ்போரோசோயிட்களைக் கோழிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆமாம், கோழிக்கும் மலேரியா உண்டு. ஓரளவு பாதுகாப்பு கிடைத்தது. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு அந்த வழியில் பெரிதாக யாரும் போகவில்லை.

ரூத் எடுத்துக்கொண்டது எலி மலேரியா. கொசுவின் எச்சில் சுரப்பியைக் கத்தியும் ஊசியுமாக வெட்டி எடுக்க வேண்டும். கொசுவே இவ்வளவுதான், அதற்குள் சுரப்பி எவ்வளவு இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் சேர்த்த கிருமிகளை எக்ஸ்ரே கதிரில் காட்டி எலிகளுக்கு ஊசியாகப் போட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அதிரசப் பாகு காய்ச்சியிருக்கிறீர்களா? இல்லையென்றால் அம்மாவைக் கேளுங்கள். பதம் வருமுன் இறக்கினால் எண்ணெயில் போட்டதும் பிரிந்து போகும். கொஞ்சம் அசந்தால் பல் உடையும். நடுவில் ஒரு பதம், அது சில நொடிதான். கதிர்வீச்சும் அப்படியே. குறைவாகக் கொடுத்தால் கிருமி பிழைத்து எலிக்கு மலேரியா வந்துவிடும். அதிகமாகக் கொடுத்தால் கிருமி செத்துவிடும், செத்த கிருமியால் சரியான பாதுகாப்பு வராது. வேண்டியது அரை உயிர். நீந்த வேண்டும், கல்லீரல் செல்லுக்குள் நுழைய வேண்டும், ஆனால் பெருகத் தெரியாமல் அங்கேயே திகைத்து நிற்க வேண்டும். உடம்பு அதைச் சாவகாசமாக உற்றுப் பார்த்து அடையாளம் குறித்துக்கொள்ளும். அந்தப் பதத்தை ரூத் பிடித்தார். எலிகள் தப்பித்தன.

ஒரு சின்னக் குறை. அதே எலிக்கு மலேரியா ரத்தத்தையே நேரடியாக ஏற்றினால் நோய் வந்துவிட்டது. வாசலில் நிற்கும் காவலாளிக்குக் கொல்லைப்புறம் வந்தவனைத் தெரியவில்லை.

அடுத்தது இன்னும் வேடிக்கை. ரூத்தும் கொசு நிபுணர் ஜெரோம் வாண்டர்பெர்க்கும், பாதுகாப்பு பெற்ற எலியின் சீரத்தில், அதாவது ரத்தத்திலிருந்து அணுக்களை நீக்கிய தெளிந்த நீரில், உயிருள்ள கிருமியைப் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். கிருமியின் பின்பக்கம் வால் மாதிரி ஒரு நூல் முளைத்து நீண்டது. என்ன அது? கிருமி உடம்பெல்லாம் ஒரு புரதத்தைப் போர்த்தியிருக்கிறது. கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் ஆன்டிபாடி அதைப் பிடித்ததும் போர்வை பின்னால் வழிந்து கழன்று போகிறது. தோளில் கிடக்கும் துண்டைப் பிடித்தால் துண்டை நம் கையில் விட்டுவிட்டு ஓடும் திருடன்! ஆனால் அந்தத் துண்டு தடயம் ஆகிவிட்டது. 1980 வாக்கில் அந்தப் புரதத்தையே பிடித்தார்கள். பெயர் சி.எஸ்.பி. அதில், புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்கள் நான்கு சேர்ந்த ஒரே துண்டு பாட்டுப் பல்லவி மாதிரி நாற்பது தடவை அளவுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது.

மனிதர்கள்? மேரிலாந்தில் டேவிட் கிளைட் குழு, 1973இல், கதிர்வீச்சு கொடுத்த கொசுக்களை வைத்து ஆரம்பித்தது. அந்தத் தன்னார்வலர்கள் சிறைக் கைதிகள். அது எனக்கு உறுத்துகிறது. கம்பிக்குள் இருப்பவர் சொல்லும் 'சம்மதம்' எவ்வளவு சம்மதம்? உங்கள் கருத்தைக் கமெண்டில் சொல்லுங்கள். எப்படியிருந்தாலும், ஊர் ஊராகக் கொசு டப்பாவோடு போய் ஆளுக்கு ஆயிரம் கடி கொடுக்க முடியாது. அதனால்தான் அந்தப் போர்வைத் துண்டை மட்டும் தனியாகச் செய்தார்கள். பல்லவிப் பகுதியை ஹெபடைடிஸ் பி வைரஸின் புரதத்தோடு ஒட்டியதுதான் ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசி. 1997இல் வெளியான சோதனையில் 7 பேரில் 6 பேருக்குப் பாதுகாப்பு. அதற்குப் பிறகு வருடக்கணக்கில் சோதனை, சோதனை, சோதனை. அதைச் சொன்னால் நீங்கள் வீடியோவை மாற்றிவிடுவீர்கள்.

இது நூற்றுக்கு நூறு கிடையாது. பெரிய ஆப்பிரிக்கச் சோதனையில், நான்கு டோஸ் போட்ட குழந்தைகளிடம் நான்கு வருடத்தில் மலேரியா சுமார் 39 சதவீதம்தான் குறைந்தது. 'அவ்வளவுதானா' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். வருடத்துக்குச் சுமார் 6 லட்சம் பேர் சாகும் நோய் இது, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகள்.

2018 ஏப்ரல் 1ஆம் தேதி நியூயார்க்கில் ரூத் காலமானார், வயது 89. அடுத்த ஆண்டு ஏப்ரலில் மலாவியில் குழந்தைகளுக்கு இந்த ஊசி வழக்கமாகப் போட ஆரம்பித்தார்கள், பிறகு கானா, கென்யா. 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2023இல் இரண்டாவதாக ஆர்21 வந்தது, அதுவும் அதே சி.எஸ்.பி. போர்வைதான். தயாரிப்பது நம் புனே சீரம் இன்ஸ்டிட்யூட்.

[திரையில்: மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி]

போகும் முன் ஒரு விஷயம். மலேரியா ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கும் கொசு அனோபிலஸ் ஸ்டீஃபன்சி. அதுவேதான் சென்னையில் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் முட்டையிட்டு மலேரியா பரப்பும் கொசுவும். இதற்கு யாரும் எக்ஸ்ரே எடுத்து அனுப்புவதில்லை. அதனால் லைக் அப்புறம் போட்டுக்கொள்ளலாம், முதலில் மாடிக்குப் போய் தொட்டி மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.