படம் எப்படி இருந்தது?

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

"படம் எப்படி இருந்தது?" என்ற கேள்வியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம், எல்லோரும் அதற்குப் பதிலும் சொல்லியிருக்கிறோம். "நன்றாக இருந்தது", "பரவாயில்லை, ஒருமுறை பார்க்கலாம்", "முதல் பாதி விறுவிறுப்பு, இரண்டாம் பாதி இழுவை" என்று போகிற போக்கில் நாம் சொல்லும் அந்தப் பதிலை நம்பித்தான், இன்னொருவர் தம்முடைய மாலைப்பொழுதில் இரண்டரை மணி நேரத்தை ஒரு படத்துக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். பத்திரிகையில் வரும் விமரிசனத்தைவிட, நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொல்லும் ஒற்றை வரிக்கு நம்மிடையே மதிப்பு அதிகம். ஆகவே அந்த ஒற்றை வரியைச் சற்றுப் பொறுப்போடு சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதற்காகத் திறனாய்வு நூல்களைப் படித்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும் என்பதில்லை. படத்தை எங்கே பார்த்தோம், எவ்வளவு பெரிய திரையில் பார்த்தோம், ஒரே அமர்வில் பார்த்தோமா, விட்டு விட்டுப் பார்த்தோமா என்பதையும் கருத்தோடு சேர்த்துச் சொன்னால் போதும். கடந்த சில வாரங்களில் நான் பார்த்த மூன்று படங்கள் என்னை இந்த எண்ணத்துக்குக் கொண்டுவந்தன.

முதலாவது, டேவிட் லீன் இயக்கத்தில் 1962ஆம் ஆண்டு வெளிவந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'. பழைய படம்தான், ஆனால் புதுப்பிக்கப்பட்ட பிரதியைத் திரையரங்கில் காட்டுகிறார்கள் என்று அறிந்து போய்ப் பார்த்தேன். இதே படத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்பு பயணம் ஒன்றின்போது கைபேசியில் பார்த்துவிட்டு, "அழகான மணல், ஆனால் அளவுக்கு மீறிய நீளம்" என்று ஒருவரிடம் நான் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

அந்தப் படத்தில் ஒரு காட்சி வருகிறது. பாலைவனத்தின் நடுவே ஒரு கிணறு. லாரன்சும் அவருடைய வழிகாட்டியும் அங்கே தண்ணீருக்காக நிற்கிறார்கள். தொடுவானத்தில் கானல் அலைந்துகொண்டிருக்கிறது. அந்த அலைவின் நடுவில் ஒரு கரும்புள்ளி தோன்றுகிறது. அது நடுங்குகிறது, நீள்கிறது, கரைந்துவிடும்போல் ஆகி மீண்டும் திரள்கிறது. கடைசியில் ஒட்டகத்தின்மீது வரும் கறுப்பு உடையணிந்த ஒரு மனிதனாக உருக்கொள்கிறது. நடிகர் ஓமர் ஷெரீஃப் படத்துக்குள் வரும் முதல் காட்சி அது. ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங் இதற்கென 482 மில்லிமீட்டர் குவியத் தொலைவு கொண்ட, வெகு தொலைவில் இருப்பதை அருகில் இழுத்துக் காட்டும் லென்ஸைப் பயன்படுத்தினார். பின்னணி இசை கிடையாது. பார்க்கிறவருக்கு அங்கே ஒரே ஒரு வேலைதான்: தொடுவானத்தைத் துழாவிக்கொண்டு காத்திருப்பது.

திரையரங்கில் என் கண் அந்த அகன்ற திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உண்மையாகவே பயணம் செய்தது. எனக்கு முன் வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், எதையோ கண்டுவிட்டவர்போல மெல்ல முன்னால் சாய்ந்தார். அவர் சாய்ந்த பிறகுதான் நானும் அந்தப் புள்ளியைக் கண்டேன். கைபேசியில் பார்த்தபோது அந்தப் புள்ளி கண்ணாடியின்மேல் படிந்திருந்த தூசியைவிடச் சிறியதாக இருந்திருக்க வேண்டும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், வெகு நேரம் எதுவும் நடக்காமல் இருந்துவிட்டு ஒரு மனிதன் வந்து சேர்ந்தான் என்பது மட்டுமே. உள்ளங்கை அகலத் திரையை ஒரே நொடியில் கண் படித்து முடித்துவிடுகிறது. படித்து முடித்த பிறகும் காட்சி தொடர்ந்தால், அதை நாம் நீளம் என்கிறோம். பெரிய திரையில் அதே நேரம் முழுவதும் கண்ணுக்கு வேலை இருக்கிறது. "அளவுக்கு மீறிய நீளம்" என்று நான் சொன்ன குற்றம் என் கையில் இருந்த திரையைச் சேர்ந்தது. படத்தைச் சேர்ந்தது அன்று. அந்த மனிதன் கிணற்றடிக்கு வந்து சேர்ந்ததும் என்ன நிகழ்கிறது என்பதை, இன்னும் பார்க்காத நேயர்களை எண்ணி, இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, எந்தப் படமானாலும் திரையரங்கில்தான் பார்க்க வேண்டும் என்று நான் வாதாடப்போவதாக நினைத்துவிட வேண்டாம். அதே மாதத்தில் வீட்டுத் தொலைக்காட்சியில் நான் பார்த்த '12 ஆங்ரி மென்' என்ற படம், வீட்டில் பார்த்ததாலேயே எனக்கு நெருக்கமாயிற்று. சிட்னி லூமெட் இயக்கி 1957இல் வந்த அந்தப் படம் 96 நிமிடங்கள்தான் ஓடுகிறது; அதில் ஒருசில நிமிடங்களைத் தவிர, மற்ற நேரம் முழுவதும் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்வதற்காகப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பன்னிரண்டு நடுவர்கள் (ஜூரிகள்) அடைபட்டு விவாதிக்கும் ஒரே அறைக்குள்ளேயே கழிகிறது. ரெஜினால்ட் ரோஸ் அந்தக் கதையை முதலில் எழுதியதே தொலைக்காட்சிக்காகத்தான்; 1954இல் அது தொலைக்காட்சி நாடகமாக ஒளிபரப்பானது. வீட்டுக் கூடத்துக்கென்று எழுதப்பட்ட கதை வீட்டுக் கூடத்தில் இயல்பாகப் பொருந்துவதில் வியப்பில்லை. படத்தின் தொடக்கத்தில் அந்த மனிதர்களைக் கண்மட்டத்துக்கு மேலிருந்து காட்டும் ஒளிப்பதிவுக் கருவி, விவாதம் முற்ற முற்றச் சிறுகச் சிறுகக் கீழே இறங்கி, இறுதிப் பகுதியில் அவர்களை அண்ணாந்து பார்க்கிறது. அறையின் மேற்கூரை தெரியத் தொடங்குகிறது. லென்ஸ்களும் படிப்படியாக மாற்றப்பட்டதால் சுவர்கள் நெருங்கி வருவதுபோல் தோன்றுகிறது. லூமெட் இதைத் திட்டமிட்டே செய்தார்.

இதை முதலில் கவனித்தவள் என் தங்கை. பாதிப் படத்துக்குமேல் ஓடியிருந்தபோது தொலையியக்கியை எடுத்து நிறுத்தி, "இந்த அறை முன்பு இவ்வளவு சிறியதாக இல்லையே?" என்றாள். பின்னோக்கி ஓட்டித் தொடக்கக் காட்சியைத் திரும்பப் பார்த்தோம். அவள் சொன்னது சரி. பிறகு பத்து நிமிடம் படத்தை நிறுத்தி வைத்துவிட்டு, எந்த நடுவர் எந்தக் காரணத்துக்காக மனம் மாறினார் என்று எங்களுக்குள் ஒரு விவாதமே நடந்தது. திரையரங்கில் இது நடந்திருக்க வழியில்லை.

இப்படித் தனியாகப் பார்ப்பதா, கூட்டத்தோடு பார்ப்பதா என்ற இரண்டும் சினிமா பிறந்தபோதே கூடப் பிறந்தவை என்பதை எண்ணிப் பார்க்கிறேன். 1894இல் நியூயார்க்கில் மக்கள் முன் வைக்கப்பட்ட எடிசனின் கினெட்டோஸ்கோப், ஒரு பெட்டிக்குள் கண்ணைப் பொருத்தி ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பார்க்கக்கூடிய கருவி. மறு ஆண்டு டிசம்பர் 28 அன்று பாரிசில் லூமியேர் சகோதரர்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான பத்துப் படங்களைத் திரையில் வீழ்த்தி, கட்டணம் கொடுத்து வந்த சிறு கூட்டத்துக்குக் காட்டினார்கள். ஒருவர் குனிந்து பார்த்த அந்தப் பெட்டியின் வழிவந்ததுதான் இன்று நம் கையில் இருக்கும் கைபேசி என்று எனக்குத் தோன்றுகிறது. தனியாகப் பார்ப்பது, கூட்டத்தோடு பார்ப்பது, இரண்டுமே சினிமாதான். ஆனால் சிரிப்பு விஷயத்தில் மட்டும் கூட்டத்துக்கு ஈடு எதுவும் இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1950களிலேயே நகைச்சுவைத் தொடர்களோடு பதிவுசெய்த சிரிப்பொலியைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். வீட்டில் தனியாக அமர்ந்திருப்பவருக்கு எது குறைகிறது என்பதை அவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள். ஆகவே ஒரு நகைச்சுவைப் படத்தைத் தனியாகப் பார்த்துவிட்டு, "சிரிப்பே வரவில்லை" என்று யாராவது சொன்னால், அதை நான் முழுமையாக எடுத்துக்கொள்வதில்லை.

இனி மூன்றாவது படம். அது அண்மையில் வந்தது. பெயர் சொல்லாமலே பேசுகிறேன், ஏனென்றால் அதற்கு நான் நியாயம் செய்யவில்லை. வேலை முடிந்து வீடு திரும்பி, மற்றவர்கள் உறங்கிய பிறகு, ஒலியைக் குறைத்து வைத்து, மூன்று இரவுகளில் மூன்று துண்டுகளாக அதைப் பார்த்தேன். மறுநாள் நண்பர் ஒருவர் கேட்டபோது, "இழுவையாக இருக்கிறது, பாதி வசனம் புரியவில்லை, ஒளிப்பதிவும் என்னவோ நாடகத்தொடர்போல இருக்கிறது" என்று சொல்லி வைத்தேன். சொன்ன மூன்றையும் பிறகு ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தபோது மனம் கனத்தது.

வசனத்தை எடுத்துக்கொள்வோம். திரையரங்கில் பரவலாக இருக்கும் ஒலியமைப்பில், திரைக்குப் பின்னால் இடம், நடு, வலம் என மூன்று இடங்களில் ஒலிபெருக்கிகள் இருக்கின்றன. சுற்றுச்சுவர்களில் சூழொலிக்குத் தனி ஒலிபெருக்கிகள், தாழ்ந்த அதிர்வுகளுக்கு இன்னொன்று. பேச்சு பெரும்பாலும் நடு ஒலிபெருக்கியிலிருந்து மட்டும் வருகிறது. இசையும் இடியும் மழையும் மற்ற திசைகளில் பிரிந்து நிற்பதால், பேச்சுக்குத் தனி இடம் கிடைக்கிறது. வீட்டுக்கு வரும்போது இவை அனைத்தும் தொலைக்காட்சியின் இரண்டே சிறு ஒலிபெருக்கிகளுக்குள் திணிக்கப்படுகின்றன. மெல்லிய பெட்டிகளில் அவை கீழ்நோக்கியோ பின்சுவரை நோக்கியோ அமைந்திருப்பதும் உண்டு. அதோடு, ஒலிக்கலவை செய்பவர்கள் முணுமுணுப்புக்கும் வெடியோசைக்கும் இடையே பெரிய இடைவெளி வைக்கிறார்கள். அமைதியான அரங்கில் அந்த இடைவெளிதான் படத்தின் உயிர். நள்ளிரவில் வெடியோசைக்குப் பயந்து ஒலியைக் குறைத்தால், முணுமுணுப்பு காணாமல் போய்விடுகிறது. எல்லாப் பழியையும் பெட்டியின்மீது போட்டுவிட முடியாது என்பதும் உண்மை. பின்னணி இசையால் வசனத்தை மூடிவிடும் படங்கள் இருக்கத்தான் செய்கின்றன, அவற்றைக் குறை சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஆனால் நான் பார்த்த படம் அந்த வகையைச் சேர்ந்ததா என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

ஒளிப்பதிவு நாடகத்தொடர்போல இருந்ததற்குக் காரணம் இன்னும் எளியது. பேசும்படங்கள் வந்த 1920களின் இறுதியிலிருந்து திரைப்படத்துக்கு நொடிக்கு 24 சட்டகம், அதாவது 24 தனித்தனி அசையாப் படங்கள், என்பது நிலைத்துவிட்ட கணக்கு. திரைப்படத்துக்கென்று நாம் உணரும் அந்த மென்மையான அசைவு இந்தக் கணக்கிலிருந்து வருவது. இன்றைய தொலைக்காட்சிகள் பலவற்றில், இரண்டு சட்டகங்களுக்கு நடுவே இல்லாத சட்டகங்களைத் தாமாகவே உருவாக்கிச் செருகும் ஒரு வசதி, வாங்கும்போதே இயங்கும் நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. விளையாட்டுப் போட்டிகளுக்கு அது உதவலாம்; திரைப்படத்தை அது வழவழப்பாக்கி, படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த தொடர்போலக் காட்டிவிடுகிறது. 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இந்த வசதியை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று காணொளியில் வேண்டிக்கொண்டார்கள். என் வீட்டுப் பெட்டியின் அமைப்புகளுக்குள் சென்று பார்த்தேன். அது இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒளிப்பதிவாளர் ஒருவரின் மாதக்கணக்கான உழைப்பைப் பற்றி, அந்த ஒரு பொத்தானைக் கவனிக்காமல் நான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

மதிப்பெண்களைப் பற்றியும் ஒரு சொல். 1998இல் தொடங்கப்பட்ட ராட்டன் டொமேட்டோஸ் தளம் தரும் விழுக்காட்டைப் பலர் பரீட்சை மதிப்பெண்போல எடுத்துக்கொள்கிறார்கள். அது எத்தனை விழுக்காட்டு விமரிசகர்களுக்குப் படம் பிடித்தது என்ற கணக்கு மட்டுமே. நூறு பேரில் தொண்ணூறு பேர் "பரவாயில்லை" என்றாலும் அங்கே 90 வரும். "ஏதோ ஒருமுறை பார்க்கலாம்" என்பதும் "வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டேன்" என்பதும் அந்த எண்ணுக்குள் ஒன்றாகிவிடுகின்றன. நண்பரின் குரலில் இந்த இரண்டும் ஒருபோதும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை.

அந்த நண்பரை நான் மீண்டும் அழைத்தேன். என்னுடைய கருத்தில் மூன்று இரவுகளும், குறைத்து வைத்த ஒலியும், அணைக்காத ஒரு பொத்தானும் கலந்திருக்கின்றன என்றும், அவற்றைக் கழித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவர் அதற்குள் அந்தப் படத்தைத் திரையரங்கில் பார்த்துவிட்டிருந்தார். அவரும் கதை சற்று மெதுவாகத்தான் நகர்கிறது என்றார். அதில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை. பிறகு, "மகள் தந்தையிடம் பேசப்போகும் அந்த இடத்தில் மழைச்சத்தம் நின்றதைக் கவனித்தீர்களா?" என்று கேட்டார். படத்தின் தொடக்கத்திலிருந்தே பின்னணியில் மழை பெய்துகொண்டிருக்கிறதாம். அவள் வாய் திறப்பதற்கு ஒரு கணம் முன்னால் அது நிற்கிறதாம். அரங்கம் முழுவதும் அசையாமல் இருந்ததாம்.

அந்தப் படத்தில் மழை பெய்தது என்பதே எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். இந்த வார இறுதியில் நான் திரையரங்குக்குச் சென்று அதைப் பார்க்க இருக்கிறேன்.

வணக்கம்.