இறகு எங்க முளைக்கணும், எப்ப வரி போடணும்: கோழித் தோல் எப்படி முடிவு பண்ணுது?

[காட்சி: ஏழாம் நாள் கோழிக் கருவின் முதுகு, மைக்ரோஸ்கோப் வழியாக. நடுக்கோட்டில் ஒரே வரிசைப் புள்ளிகள்.]

கோழி முட்டையை 37.5 டிகிரி செல்சியஸ்ல வச்சா குஞ்சு வெளிய வர 21 நாள் ஆகும். இப்ப திரையில இருக்கிறது ஏழாவது நாள் கரு. ஆறு நாள் வரைக்கும் இந்த முதுகு வழுவழுன்னுதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் முதுகெலும்புக்கு நேர் மேல ஒரு வரிசை புள்ளி வந்துச்சு. அடுத்து அதுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வரிசை. புதுசா வர்ற புள்ளி, பழைய வரிசையில ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கிற இடைவெளிக்கு நேரா உக்காருது. இப்படியே விலாப் பக்கம் போகப் போக முதுகு முழுக்க அறுகோண அமைப்பு வந்துடுது. ஒவ்வொரு புள்ளியும் பிற்பாடு ஒரு இறகா மாறும்.

எந்தப் புள்ளி எங்க வரணும்னு ஜீன்ல வரைபடம் எதுவும் கிடையாது. இருக்கிறது ரெண்டு விதமான சிக்னல். எஃப்.ஜி.எஃப் குடும்பத்துப் புரதங்கள் "இங்க செல்கள் கூடுங்க"ன்னு சொல்லுது. பி.எம்.பி குடும்பம் "என் பக்கத்துல வேற யாரும் கூடாதீங்க"ன்னு தடுக்குது. தடுக்கிற சிக்னல் கொஞ்சம் அதிக தூரம் போனாலே போதும், சீரான இடைவெளி தானா உருவாகும். இதுக்கான கணக்கை ஆலன் டூரிங் 1952லயே எழுதிட்டாரு, இறகைப் பத்தி யோசிக்காமலே.

இது நிஜமா தோல்ல நடக்குதான்னு எப்படிச் சோதிக்கிறது? அமெரிக்காவுல தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல செங்-மிங் சுவாங் குழு 1999ல செஞ்ச சோதனையை நிதானமாப் பார்ப்போம்.

[காட்சி: கண்ணாடித் தட்டில் மிதக்கும் தோல் துண்டு, மெல்லிய இடுக்கி மேல்தோலை உரிக்கிறது.]

கருவோட முதுகுத் தோலை வெட்டி எடுத்து, கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத உப்புக் கரைசல்ல, கால்சியத்தைப் பிடிச்சு இழுத்துக்கிற இடிடிஏங்கிற வேதிப்பொருளைச் சேர்த்து, ஐஸ் மேல வைக்கிறாங்க. செல்கள் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்க கால்சியம் வேணும். அதை எடுத்துட்டா மேல்தோல் தனியா, அடித்தோல் தனியா கழண்டு வந்துடும். கரைசல்ல அதிக நேரம் விட்டா மேல்தோல் கிழியும். உரிச்சதும் அது சுருண்டுக்கும், அதனால பொறுமையா விரிச்சு, உள்பக்கம் கீழ இருக்கிற மாதிரி படிய வைக்கணும்.

அடுத்த படிதான் முக்கியம். அடித்தோலைத் தனித்தனி செல்லாப் பிரிச்சுடறாங்க. எந்த செல் முன்னாடி எங்க இருந்துச்சுங்கிற தகவல் அத்தோட காலி. அந்த செல்களை நெருக்கமாப் பரப்பி, மேல மேல்தோலைப் போர்த்தினா மறுபடியும் புள்ளி வருது! ஆனா இந்தத் தடவை வரிசை வரிசையா வரல. எல்லாப் புள்ளியும் ஒரே நேரத்துல வந்துச்சு. செல் எண்ணிக்கையைக் கூட்டினா புள்ளிகளோட எண்ணிக்கை கூடுச்சு, ஒவ்வொரு புள்ளியோட அளவு மட்டும் மாறல. ஒரு அளவுக்குக் கீழ செல்லைக் குறைச்சா புள்ளியே இல்ல.

அப்படின்னா நிஜக் கருவுல வரிசை எப்படி வருது? எடின்பரோ பக்கத்துல இருக்கிற ராஸ்லின் இன்ஸ்டிட்யூட் குழு 2019ல இதுக்குப் பதில் சொல்லிச்சு. ஈ.டி.ஏ-ன்னு ஒரு சிக்னல் நடு முதுகுல தொடங்கி ரெண்டு பக்கமும் அலையாப் பரவுது. அலை வந்து சேர்ற இடத்துல மட்டும், குறைஞ்ச செல் நெருக்கத்துலயே புள்ளி உருவாக முடியும். நெருப்புக்கோழி, ஈமு மாதிரி பறக்காத பறவைகள்ல இந்த அலை இப்படி ஒழுங்கா நகர்றதில்ல. அதுங்க முதுகுல இறகு வரிசையும் கலைஞ்சு கிடக்கும்.

[காட்சி: கழுத்தில் இறகில்லாத சேவல்.]

நம்ம ஊர்ல கழுத்தறுத்தான் கோழின்னு சொல்றது இதுதான். நோயும் இல்ல, யாரும் கொத்தினதும் இல்ல. இதுல பி.எம்.பி 12ங்கிற தடுப்புப் புரதம் அளவுக்கு மீறி உருவாகுது. அது தோல் முழுக்கவே கூடியிருக்கு. அப்புறம் கழுத்து மட்டும் ஏன் மொட்டை? கழுத்துத் தோல்ல ரெட்டினாயிக் அமிலம்னு, வைட்டமின் ஏ-லேர்ந்து வர்ற ஒரு பொருள் உருவாகுது. அது இருக்கிற இடத்துல தடுப்பு சிக்னலோட வேகம் ஏறிடும். மத்த இடம் தாக்குப்பிடிக்குது, கழுத்து தோத்துப் போகுது. இந்த ஜீன் ஒரு பிரதி மட்டும் இருந்தா முன்கழுத்தோட அடியில ஒரு கொத்து இறகு மிச்சம் இருக்கும். ரெண்டு பிரதி இருந்தா கழுத்து கிட்டத்தட்ட சுத்தமா மொட்டை. வெயில் ஊர்ல உடம்புச் சூட்டை வெளிய விடறதுக்கு இந்த மொட்டை உதவியாத்தான் இருக்கு.

முளைக்கிறது எந்த வகை இறகுங்கிறதை அடித்தோல்தான் சொல்லுது. 1954ல கேர்ன்ஸ், சாண்டர்ஸ்னு ரெண்டு பேரு, தொடையோட அடித்திசுவை எடுத்து கருவோட இறக்கை மேல்தோலுக்கு அடியில வச்சாங்க. இறக்கையில தொடை இறகு முளைச்சுது.

சரி, புள்ளி எங்கங்கிறது முட்டைக்குள்ளயே முடிஞ்சுபோன விஷயம். அதுக்கப்புறம் அந்தக் கோழிக்கு வாழ்நாள் முழுக்க அதே இறகுக் குழிகள்தான். ஆனா ஒவ்வொரு குழியும் திரும்பத் திரும்ப இறகு செய்யும். ஒவ்வொரு தடவையும் என்ன இறகு செய்யறதுங்கிறது புதுசா முடிவாகும்.

[காட்சி: இறகுக் குழியின் குறுக்குவெட்டு.]

குழியோட அடியில ரத்த ஓட்டமுள்ள ஒரு சின்ன மேடு, பேரு பாப்பில்லா. அதைச் சுத்தி வளையமா ஸ்டெம் செல்கள். புது செல்கள் இங்க பிறந்து பழைய செல்களை மேல தள்ளுது. அதனால இறகோட நுனிதான் ரொம்பப் பழசு, அடிதான் புதுசு. இறகு மரக்கிளை மாதிரி கிளைவிட்டு வளருதுன்னு நினைச்சா தப்பு. முதல்ல அது முழுசா ஒரு குழாய். குழாய்ச் சுவர் உள்பக்கமா மடிஞ்சு வரப்பு வரப்பா எழும்பும். வரப்புகளுக்கு நடுவுல இருக்கிற செல்கள் திட்டப்படி செத்துப்போகும். அந்த இடம் காலியாக, மிச்சம் நிக்கிறதுதான் இறகுக் கிளைகள். கடைசியா வெளி உறை உதிர்ந்ததும், வாழைக் குருத்து விரியற மாதிரி குழாய் பிரிஞ்சு தட்டையாகுது. வரப்புகள் நேரா நின்னா குஞ்சோட தூவி. சாய்வா ஓடி ஒரு பக்கம் சேர்ந்தா நடுத்தண்டு உள்ள இறகு. வளர்ற குழியில பி.எம்.பி 4ஐக் கூட்டினா தண்டு தடிச்சுக் கிளைகள் ஒட்டிக்குது. அதைத் தடுக்கிற நாகின் புரதத்தைக் கூட்டினா தண்டே பிரிஞ்சு கிளை அதிகமாகுது.

நிறமும் இதே மாதிரி நேரத்தோட பதிவுதான். 1930கள்ல சிகாகோ பல்கலைக்கழகத்துல ஃபிராங்க் லில்லி, மேரி ஜூன் ரெண்டு பேரும் காயடிச்ச பிரவுன் லெகார்ன் சேவல்ல மார்பு இறகைப் பிடுங்கிட்டு, புது இறகு வளரும்போது பெண் ஹார்மோன் ஊசி போட்டாங்க. ஊசி வேலை செஞ்ச நேரத்துல உருவான பகுதி மட்டும் பெட்டையோட செம்மண் நிறம், முன்னயும் பின்னயும் சேவலோட கருப்பு. ஒரே இறகுல, ஒரு பட்டையா!

பிளைமவுத் ராக் கோழியோட கருப்பு-வெள்ளை வரிகள்ல வெளியிலிருந்து ஊசி எதுவும் இல்ல. மெலனின்ங்கிற கருப்பு நிறமியைச் செய்யற செல்கள் சீக்கிரமே முதிர்ந்து தீர்ந்துபோகுது, வெள்ளை விழுது. அடியிலிருந்து அடுத்த கூட்டம் வருது, கருப்பு விழுது. இந்த வரிக்கான ஜீன், சேவலா பெட்டையான்னு தீர்மானிக்கிற இசட் குரோமோசோம்ல இருக்கு. சேவலுக்கு ரெண்டு இசட், பெட்டைக்கு ஒண்ணு. அதனால சேவலோட வெள்ளைப் பட்டை அகலம். ஒரு நாள் குஞ்சோட தலையில வெள்ளைப் பொட்டு பெருசா, ஓரம் கலைஞ்சு இருந்தா அது பெரும்பாலும் சேவல்.

[காட்சி: வெட்டப்பட்ட இறக்கை இறகும், பிடுங்கப்பட்ட இறகும் பக்கத்தில் பக்கத்தில்.]

இப்ப வளர்க்கிறவங்களுக்கு. இறகை வெட்டினா அது வளராது, அடுத்த இறகு உதிர்ப்பு வரைக்கும் குட்டையாவே நிக்கும். வெட்டினது குழிக்குத் தெரியாது. பிடுங்கினா தெரியும், அப்பவே வேலையைத் தொடங்கி, சுமார் ரெண்டு வாரத்துல முனையை வெளிய காட்டும். ஆனா ஒரே இடத்துல திரும்பத் திரும்ப பிடுங்கினா பாப்பில்லா சேதமாகி அந்தக் குழி நிரந்தரமா ஓய்ஞ்சுடலாம், இல்லன்னா இறகு உள்ளயே சுருண்டு கட்டியாகலாம்.

எலி முடியில இன்னும் விசித்திரம். 2015ல இதே சுவாங் குழு 200 முடியைப் பிடுங்கிப் பார்த்தது. பரவலாப் பிடுங்கினா ஒண்ணும் நடக்கல. 3லேர்ந்து 5 மில்லிமீட்டர் வட்டத்துக்குள்ள நெருக்கமாப் பிடுங்கினா, பிடுங்காத அக்கம்பக்கக் குழிகளும் சேர்ந்து முழிச்சு 1,200 முடி வரைக்கும் வந்துச்சு. தூங்கிட்டிருந்த குழிகள்தான் எழுந்துச்சு, புதுக் குழி ஒண்ணும் உருவாகல. அதனால வழுக்கைக்கு வைத்தியம்னு யாராவது இதைக் காட்டினா நம்பாதீங்க.

இறகு உதிர்ப்பு சமயத்துல தீவனத்தைக் கவனிங்க. இறகுல கிட்டத்தட்ட 90 சதவீதம் புரதம், அதுலயும் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் நிறைய. முட்டைக்கோழித் தீவனத்துல வழக்கமா இருக்கிற 16 சதவீதப் புரதத்தை அந்த வாரங்கள்ல 18 - 20க்கு ஏத்தலாம். அந்தக் கந்தக அமினோ அமிலங்கள்ல ஒண்ணான மெத்தியோனின் குறைஞ்சா ஒண்ணையொண்ணு இறகு கொத்தற பழக்கமும் தலைதூக்கும். இறகை வெளிச்சத்துல பிடிச்சா குறுக்கே கண்ணாடியா ஒரு கோடு தெரியுதா? அந்தப் பகுதி வளரும்போது பறவை பட்டினியிலயோ பயத்துலயோ இருந்திருக்கு. எல்லா வால் இறகுலயும் ஒரே மட்டத்துல கோடு இருந்தா, அதெல்லாம் ஒரே சமயத்துல வளர்ந்தது, அதாவது குஞ்சுப் பருவத்துல. இறகு ஒடியறதும் அந்தக் கோட்டுலதான்.

வளர்ற இறகோட தண்டு கருநீலமா இருந்தா உள்ள ரத்தம் ஓடுதுன்னு அர்த்தம். அதை வெட்டாதீங்க. தவறி ஒடிஞ்சா சோளமாவு வச்சு சுத்தமான துணியால சில நிமிஷம் அழுத்திப் பிடிங்க. நிக்கலன்னா நீங்களே பிடுங்கப் பார்க்காம கால்நடை மருத்துவர்கிட்ட கொண்டுபோங்க.