முதல் தடவை கைரோபிராக்டரிடம் போகிறீர்களா? கழுத்தில் கை வைக்க விடுவதற்கு முன் இதைக் கேளுங்கள்

வணக்கம் மக்களே. முதுகு வலி, கழுத்து வலி என்று முதல் தடவை கைரோபிராக்டரிடம், அதாவது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் திருப்பியும் சிகிச்சை செய்பவரிடம், போகப் போகிறவர்களுக்காக இந்த வீடியோ. நான் லண்டனில் இருக்கிறேன். அதனால் சட்டம் பற்றி நான் சொல்வது பிரிட்டனுக்குத்தான் பொருந்தும். உடம்பு பற்றிச் சொல்வது எல்லோருக்கும்.

நிறையப் பேர் அந்த 'டக் டக்' வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். ஒருவர் வந்து படுப்பார், கழுத்தை ஒரு திருப்பு, ஒரு சத்தம், உடனே முகத்தில் சிரிப்பு. அதற்கு முன்னால் நடக்க வேண்டிய கேள்வி, பரிசோதனை எதையும் அதில் காட்டுவதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம்.

சத்தத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விலகிப்போன எலும்பு இடத்தில் வந்து உட்காரும் சத்தம் இல்லை அது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது உண்டாகும் வாயுக் குழியோடு சம்பந்தப்பட்டது. சத்தம் வராவிட்டால் சிகிச்சை பலிக்கவில்லை என்று அர்த்தமில்லை.

சரி, முதல் சந்திப்பு. அம்மாவை ஒரு கைரோபிராக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஸ்டீராய்டு எடுத்திருக்கிறீர்களா? புற்றுநோய் வந்ததுண்டா? காரணமில்லாமல் எடை குறைந்ததா, காய்ச்சல் இருக்கிறதா? அம்மாவுக்கு எலும்பு அடர்த்தி குறைவு என்று தெரிந்ததும், முதுகை வேகமாக அழுத்தும் முறையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்ததே அந்த இடத்தில்தான். இந்தக் கேள்விகள் இல்லாமல் நேராகப் படுக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், தயங்காதீர்கள்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, இரண்டு காலிலும் பலம் குறைவது, இதில் எது இருந்தாலும் கைரோபிராக்டரிடம் போகவே கூடாது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

பிரிட்டனில் 1994 சட்டப்படி, இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சிலில் பதிவு செய்யாதவர் தன்னைக் கைரோபிராக்டர் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். போவதற்கு முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், 'முதுகெலும்பு விலகியதுதான் எல்லா நோய்க்கும் வேர்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1895ல் அமெரிக்காவில் டேவிட் டேனியல் பாமர் இந்த முறையைத் தொடங்கிய காலத்து நம்பிக்கை அது. அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை என்று 2010ல் அதே கவுன்சிலே சொல்லிவிட்டது. ஆனால் சாதாரண இடுப்பு வலிக்கு இந்த முறை சிலருக்கு உதவுகிறது. எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று மருத்துவ வழிகாட்டுதல் தரும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2016ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதை ஒதுக்கவில்லை, உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்யலாம் என்கிறது. ஆகவே படுத்துவிட்டு வந்தால் மட்டும் போதாது, வீட்டிலும் செய்ய வேண்டும்.

முதல் நாளே 'முப்பது தடவை வரணும், இப்பவே பணம் கட்டினா தள்ளுபடி' என்பார்கள் சில இடங்களில். கட்டாதீர்கள். சில வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

கழுத்துக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கழுத்தை வேகமாகத் திருப்பும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கிழிசல் வந்து பக்கவாதம் வரை போனவர்கள் உண்டு. மிக அரிது, ஆனால் உண்டு. அதனால் திருப்புவதற்கு முன் உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும், நீங்கள் 'வேண்டாம்' என்று சொல்லலாம். மென்மையான வேறு முறைகள் இருக்கின்றன.

சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் உடம்பு வலிப்பது சகஜம். ஆனால் இதுவரை இல்லாத கடுமையான தலைவலி, தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், முகம் ஒரு பக்கம் மரத்துப்போவது வந்தால் தூங்கிப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பிரிட்டனின் அவசர உதவி எண்ணான 999க்கு, வேறு நாட்டில் இருந்தால் அங்குள்ள அவசர எண்ணுக்கு அழையுங்கள். கழுத்துக்குச் சிகிச்சை எடுத்ததை ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் மறக்காமல் சொல்லுங்கள்.