இரண்டு லைன் போட்டும் வேகம் ஏறவில்லையா?

நேயர்களுக்கு வணக்கம். ஆபீஸில் 100 எம்பிபிஎஸ் லைன் போதவில்லை என்று வேறொரு கம்பெனியிடம் இன்னொரு 100 வாங்கி, இரண்டையும் ஒரே ரவுட்டரில் செருகிவிட்டு, "சார், ஸ்பீடு டெஸ்ட் 200 காட்டுது, ஆனா ஒரு பெரிய ஃபைலை இறக்கினா 100-ஐத் தாண்ட மாட்டேங்குதே" என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. இரண்டுமே சரிதான். ஸ்பீடு டெஸ்ட் ஒரே நேரத்தில் பல இணைப்புகளை, அதாவது சர்வரோடு தனித்தனிப் பேச்சுகளை, திறக்கும், அவை இரண்டு லைனிலும் பிரிந்து போகும். உங்கள் ஃபைல் பெரும்பாலும் ஒரே இணைப்பில் வருகிறது, ரவுட்டர் அதை ஒரு லைனில் ஏற்றிவிட்டால் முடியும்வரை அங்கேதான்.

ஃபைல் பிரிந்து வரும் சின்னத் துண்டுகளான பாக்கெட்டுகளை இதில் ஒன்று அதில் ஒன்று என்று மாற்றி மாற்றி அனுப்பினால் என்ன? அனுப்பலாம். ஆனால் இரண்டு லைனின் தாமதமும் ஒன்றாக இருக்காது, ஐந்தாவது பாக்கெட் மூன்றாவதுக்கு முன்னால் போய் நிற்கும், "மூன்று வரவில்லை, மூன்று வரவில்லை" என்று அந்தப் பக்கம் திரும்பத் திரும்பச் சொல்ல, பாக்கெட்டுகளைச் சரியாகக் கொண்டுசேர்க்கும் விதிமுறையான டிசிபி அது தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி அனுப்பும், வேகத்தையும் சட்டென்று குறைத்துக்கொள்ளும். போதாததற்கு இரண்டு கம்பெனிக்கும் வேறு வேறு ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் விலாச எண்). பேச்சின் நடுவே முகவரி மாறினால் சர்வருக்கு நீங்கள் யாரோ. அதனால்தான் அனுப்புபவர், பெறுபவர் முகவரிகள், இரண்டு போர்ட் எண்கள் (ஒரே முகவரியில் ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக்காட்டும் எண்கள்), புரோட்டோகால் (டிசிபி போன்ற விதிமுறை) என்று ஐந்தையும் வைத்து ஒரு கணக்குப் போட்டு ரவுட்டர் லைனைத் தேர்ந்தெடுக்கிறது. ஐந்தும் மாறாதவரை லைனும் மாறாது. எது பேக்கப், எது வெறும் வாட்ஸ்அப் மெசேஜ் என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது.

இதில் நானும் சூடுபட்டிருக்கிறேன். ஒரு ஆபீஸில் கணக்குப் பிரிவு அக்கா இரண்டு நாளாக வங்கித் தளத்தைத் திட்டிக்கொண்டிருந்தார், நுழைந்த வேகத்தில் வெளியே தள்ளுகிறதாம். பார்த்தால் ஒரே பக்கத்தின் இணைப்புகள் இரண்டு முகவரிகளிலிருந்து போக, வங்கி சந்தேகப்பட்டிருக்கிறது. போர்ட் எண்களை விட்டுவிட்டு முகவரிகளை மட்டும் வைத்துப் பிரிக்கச் சொன்னதும் சரியானது.

ஒரே டவுன்லோடை இரண்டு லைனிலும் ஓட்ட மல்டிபாத் டிசிபி இருக்கிறது. 2013-இலேயே ஐபோனின் சிரி அதைப் பயன்படுத்தியது, 2020-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளும் வந்துவிட்டது. ஆனால் எதிரில் இருக்கும் சர்வரும் ஒத்துக்கொள்ள வேண்டுமே!

என்னைக் கேட்டால் இரண்டாவது லைன் வேகத்துக்கு இல்லை, முதல் லைன் போகும் நாளுக்குத்தான். அங்கேயும் ஒரு சிக்கல். பல ரவுட்டர்கள் பக்கத்து மோடத்துக்கு மட்டும் பிங் அடித்துப் பார்த்து, அதாவது "இருக்கிறாயா?" என்று கேட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்ளும், தெருமுனையில் பைபர் அறுந்து கிடந்தாலும் மோடம் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். கூகுளின் 8.8.8.8 முகவரி மாதிரி தொலைவில் இருப்பதை ஒவ்வொரு லைன் வழியாகவும் தனித்தனியே பிங் அடிக்க வையுங்கள். அப்புறம், இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வருகிறதா என்று வெளியே போய் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.