போட்டோ நிஜமான்னு பிளாக்செயின் சொல்லுமா?

வணக்கம் நேயர்களே. பிளாக்செயின், அதாவது ஒருத்தர் கையில மட்டும் இல்லாம பல கம்ப்யூட்டர்ல ஒரே மாதிரி இருக்குற, எழுதுனத பின்னாடி மாத்த முடியாத ஒரு பொது பதிவேடு, அத பத்தி பேசணும்னு கூப்டாங்க, உடனே பிட்காயின் வெல ஏறுமா எறங்குமான்னு கேக்காதீங்க, அது இன்னிக்கு நம்ம பேச்சு இல்ல. வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ வருது, ஒரு தலைவர் சொல்லவே சொல்லாத ஒண்ண சொல்றாரு, குரலும் அவரோடதுதான், வாய் அசைவும் கச்சிதமா பொருந்துது. நெஜமா, ஏஐல பண்ணதா? பிளாக்செயின் வந்துட்டா இந்த குழப்பமே இருக்காதுன்னு ஒரு பேச்சு ஓடிட்டு இருக்கு. பாதி சரி. எந்த பாதின்னு தெரிஞ்சுக்காம முழுசா நம்பிடுறாங்க, அங்கதான் சிக்கல்.

முதல்ல ஹேஷ்னா என்னன்னு பாத்துடுவோம். எந்த ஃபைலா இருந்தாலும் சரி, போட்டோ, வீடியோ, நான் இப்ப பேசிட்டு இருக்குற இந்த ரெக்கார்டிங் கூட, அத ஷா-256னு ஒரு கணக்குக்குள்ள விட்டா 64 எழுத்து வெளிய வரும், 0லேருந்து 9 வரைக்கும் நம்பரும் ஏலேருந்து எஃப் வரைக்கும் எழுத்தும் கலந்து. ரெண்டு மணி நேர வீடியோவா இருந்தாலும் 64தான், ஒரு செல்ஃபியா இருந்தாலும் 64தான். அந்த செல்ஃபில ஒரே ஒரு புள்ளியோட கலர லேசா மாத்துங்க, கண்ணால பாத்தா கண்டே பிடிக்க முடியாது, ஆனா ஹேஷ் போட்டு பாத்தா முன்னாடி வந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இருக்காது. அந்த 64 எழுத்த வச்சு போட்டோவ திரும்ப வரவழைக்கவும் முடியாது, அதனால அத ஊரறிய போட்டாலும் உங்க ரகசியம் வெளிய போகாது. பிளாக்செயின்ல ஏத்துறது பெரும்பாலும் இந்த 64 எழுத்த மட்டும்தான். போட்டோவே அங்க போய் உக்காந்துக்குதுன்னு பல பேர் நெனைக்கிறாங்க, அவ்ளோ எடம்லாம் அங்க கெடையாது.

இது பிட்காயினோட பொறந்த ஐடியாவும் இல்ல. 1991ல அமெரிக்காவுல பெல்கோர்னு ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்த ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டான்னு ரெண்டு பேர் ஒரு கட்டுரை எழுதுனாங்க. கம்ப்யூட்டர் ஃபைலுக்கு தேதிய யார் வேணா மாத்தலாம், சரி ஒரு ஆபீஸ் வச்சு முத்திரை குத்தலாம்னா அந்த ஆபீஸ்காரனே காசு வாங்கிட்டு பழைய தேதி போட்டா என்ன பண்றது? அவங்க கண்டுபிடிச்ச வழி, ஒவ்வொரு முத்திரையிலயும் அதுக்கு முன்னாடி வந்த முத்திரையோட ஹேஷையும் சேத்து கட்டிடறது, நடுவுல ஒண்ண மாத்துனா பின்னாடி வர்ற எல்லாமே ஒதைக்கும், பிளாக்செயினோட அடிப்படையும் இந்த சங்கிலிதான். ஷ்யூரிட்டின்னு கம்பெனியும் ஆரம்பிச்சு, 1995லேருந்து வாராவாரம் அந்த வார முத்திரை எல்லாத்துக்கும் சேத்து வர்ற ஒரே ஹேஷ நியூயார்க் டைம்ஸ் பேப்பர்ல வரி விளம்பரமா போட்டாங்க, அதுவும் காணாம போன பொருளுக்கு விளம்பரம் வர்ற பகுதியில! இனிமே ஒருத்தன் பழைய தேதி போட்டு ஏமாத்தணும்னா ஒவ்வொரு லைப்ரரியிலயும் இருக்குற பழைய பேப்பர தேடிப்போய் மாத்தணும். 2008ல வந்த பிட்காயின் கட்டுரை மொத்தம் 8 மேற்கோள் காட்டுது, அதுல 3 இவங்க எழுதுனதுதான்.

இப்ப நம்ம ஊர் சார்பதிவாளர் ஆபீஸ நெனச்சுக்கோங்க. இந்த தேதியில இந்த பத்திரம் என்கிட்ட வந்துச்சுன்னு சீல் விழுது, பதிவேட்டுல ஏறுது, நாளைக்கு ஈசி போட்டா வருது. ஆனா வித்தவருக்கு அந்த நெலம் நெஜமாவே சொந்தமான்னு அந்த சீல் சொல்லுமா? போலி பத்திரமும் அதே சீலோட வந்து வருஷக்கணக்குல கோர்ட்டுல கேஸ் நடக்குது. பிளாக்செயினும் இதேதான். இந்த ஃபைல் இந்த நேரத்துக்கு முன்னாடியே இருந்துச்சு, அதுக்கப்புறம் யாரும் கை வைக்கல. இவ்ளோதான் அது சொல்லும். காலையில ஏஐல ஒரு பொய் வீடியோ பண்ணி மத்தியானம் ஹேஷ் ஏத்துனா, அந்த பொய்க்கும் கச்சிதமா முத்திரை விழும்.

சரி, கேமராவே எடுக்கும்போதே, தனக்குள்ள இருக்குற ஒரு ரகசிய நம்பர வச்சு (அதுக்கு பேர்தான் சாவி) டிஜிட்டல் கையெழுத்து போட்டு குடுத்துட்டா? அத எப்பவோ முயற்சி பண்ணியாச்சு. போட்டோ ஒரிஜினல்னு நிரூபிக்க கேனான் ஒரு கிட் வித்துச்சு. 2010ல ரஷ்யாவோட எல்காம்சாஃப்ட் கம்பெனிக்காரங்க கேமராவுக்குள்ள ஒளிஞ்சிருந்த சாவிய எடுத்துட்டாங்க. எடுத்துட்டு சும்மா இருந்தாங்களா? சுதந்திர தேவி சிலை கையில அரிவாள், நிலாவுல சோவியத் கொடி, இப்படி படமா பண்ணி விட்டாங்க, கேனானோட சாஃப்ட்வேரே இதெல்லாம் ஒரிஜினல்னு சர்டிபிகேட் குடுத்துச்சு. அடுத்த வருஷம் நிக்கானோட சிஸ்டமும் இதே மாதிரி போச்சு. சாவி இருக்குறது கேமராவுக்குள்ள, கேமரா இருக்குறது ஏமாத்த நெனைக்கிறவன் கையில, வேற என்ன நடக்கும்?

இப்ப சி2பிஏன்னு ஒண்ணு இருக்கு, 2021ல அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி எல்லாம் சேந்து ஆரம்பிச்சது, படம் எதுல எடுத்தது, என்னென்ன எடிட் ஆச்சுன்னு படத்தோடயே கையெழுத்து போட்டு அனுப்புற முறை. இதுக்கு பிளாக்செயின் கட்டாயமே இல்லங்கறத கவனிங்க. நல்ல முயற்சிதான், ஆனா 2025ல நிக்கான் இசட்6 3 மாடலுக்கு இந்த வசதி வந்த கொஞ்ச நாள்லயே, ரெண்டு படத்த ஒண்ணா சேக்குற மல்டிபிள் எக்ஸ்போஷர் வழியா, கையெழுத்தே இல்லாத படத்துக்கும் கேமராவ கையெழுத்து போட வச்சிடலாம்னு ஒருத்தர் காட்டிட்டார். நிக்கான் அந்த சேவைய நிறுத்தி, குடுத்த சர்டிபிகேட்டையும் ரத்து பண்ண வேண்டியதா போச்சு. ரத்து பண்ண முடிஞ்சுச்சே, அதுவே பெருசு. பிளாக்செயின்ல ஏறுன தப்ப அழிக்கவும் முடியாது.

அப்ப இது வேஸ்ட்டான்னு கேட்டா, இல்ல. 2022 ஜூன்ல ஸ்டார்லிங் லேப்னு, ஸ்டான்ஃபோர்டும் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேந்து நடத்துற ஒரு அமைப்பு, உக்ரைன்ல கார்கிவ் நகரத்து ஸ்கூல்கள் மேல நடந்த தாக்குதல் பத்தி சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு ஆதாரம் குடுத்துச்சு. சோஷியல் மீடியாவுல வந்த பதிவுகள சேகரிச்சு, ஹேஷ் போட்டு, ஒண்ணுக்கு மேல பிளாக்செயின்ல பதிஞ்சு வச்சாங்க. ஏன்னா வழக்கு வர வருஷம் ஆகும், அதுக்குள்ள ஒரிஜினல் பதிவு டெலீட் ஆயிடும், அப்ப எதிர்த்தரப்பு வக்கீல் எந்திரிச்சு நடுவுல நீங்களே மாத்திட்டீங்கன்னு சொல்லுவார். அந்த ஒரு கேள்விக்கு இது நல்ல பதில். அந்த எடம் அந்த ஸ்கூல்தானா, குண்டு போட்டது யாருங்கறத மனுஷங்கதான் ஒவ்வொண்ணா விசாரிச்சு சொல்லணும். என்னைக் கேட்டா பிளாக்செயினுக்கு ஏத்த வேலை இதுதான், செய்திய நிஜம்னு முத்திரை குத்துறோம்னு வர்ற கம்பெனி விளம்பரத்துல பாதி வெறும் ஜிகினா.

நமக்கு இதுல என்ன இருக்குன்னா, 2024 ஜூலை 1லேருந்து எவிடன்ஸ் ஆக்டுக்கு பதிலா பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்துருக்கு, அதோட 63ஆவது பிரிவுப்படி எலக்ட்ரானிக் ஆதாரத்தோட குடுக்குற சர்டிபிகேட்ல ஹேஷ் என்னன்னு எழுதணும். இப்ப ஒரு ஆக்சிடென்ட் வீடியோ எடுக்குறீங்க, வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்புறீங்க, அது வீடியோவ சுருக்கிடும், ஹேஷ் மாறிடும், அப்புறம் உங்க போன்ல இருக்குறதும் வக்கீல் போன்ல இருக்குறதும் கணக்குப்படி வேற வேற ஃபைல். அதனால ஒரிஜினல போன்லேருந்து அழிக்காதீங்க, அனுப்பும்போது டாக்குமென்ட்னு இருக்குற ஆப்ஷன்ல அனுப்புங்க. தேதிக்கும் சாட்சி வேணும்னா ஓபன்டைம்ஸ்டாம்ப்ஸ்னு ஒண்ணு இருக்கு, காசு கெடையாது, ஆயிரக்கணக்கான பேரோட ஹேஷ ஒண்ணா மடிச்சு பிட்காயின்ல ஏத்திடும், ஏற சில மணி நேரம் ஆகலாம். உங்களுக்கு ஓடிஎஸ்னு முடியுற ஒரு குட்டி ஃபைல் குடுக்கும், வீடியோவோட சேத்து அதையும் பத்திரமா வைங்க, ஏன்னா அது தொலைஞ்சா உங்க ஹேஷ் எந்த மூட்டையில போச்சுன்னு காட்ட வழியில்ல. வணக்கம்.