பாட்டில் முங்குமா, மிதக்குமா?

[காட்சி: கண்ணாடித் தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். விளிம்பில் ஒரு சிறுமியின் கை.]

கடல்ல சேருற பிளாஸ்டிக் பத்தின ஒரு கண்காட்சி, தொட்டுச் செஞ்சு பார்க்குற மாதிரி. முதல்ல இந்தத் தொட்டி. தண்ணி பாட்டில்ல இருந்து வெட்டின ஒரு துண்டு, அதே பாட்டிலோட மூடி. ரெண்டையும் தொட்டியில போடப் போறாங்க. எது மிதக்கும்? வீடியோவை நிறுத்திட்டு ஒண்ணைச் சொல்லுங்க.

[மூடி மேலே நிற்கிறது. துண்டு தள்ளாடித் தள்ளாடி அடியில் போய் உட்காருகிறது.]

"ரெண்டுமே மிதக்கும்"னு சொன்னீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன். மூடி செய்யுற பிளாஸ்டிக் தண்ணியை விட லேசு. பாட்டில் செய்யுற பெட் (PET) பிளாஸ்டிக், கடல் தண்ணியை விட ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு கூடுதல் கனம். அப்போ கடல் மேல தெரியுற குப்பை பாதிக் கதைதான்.

மிதக்குற ஜாதியும் மிதந்துக்கிட்டே இருக்காது. பாசி ஒட்டும், சின்னச் சின்ன உயிர்கள் ஒட்டும், கனம் ஏறும், இறங்கிடும். 1998-ல கடல்லயே ரொம்ப ஆழமான மரியானா அகழியில, சுமார் 10,900 மீட்டர் ஆழத்துல, ஜப்பானோட ஆழ்கடல் கருவி ஒரு பிளாஸ்டிக் பையைப் படம் பிடிச்சிருக்கு.

இதையே சுவர்ல எழுதி மாட்டியிருந்தா, அந்தச் சிறுமி படிக்காமலே தாண்டிப் போயிருப்பா. தன் ஊகம் கண்ணெதிர்ல பொய்யானது மறக்காது. 1969-ல சான் பிரான்சிஸ்கோவுல இயற்பியலாளர் பிராங்க் ஓப்பன்ஹைமர் எக்ஸ்ப்ளோரட்டோரியம் தொடங்கினதும் இந்த நம்பிக்கையிலதான்: பார்க்க மட்டும் இல்ல, நோண்டிப் பார்க்கவும் ஒரு அருங்காட்சியகம்.

[காட்சி: தொடுதிரையில் குப்பையை விரலால் குப்பைத்தொட்டியில் தள்ளும் விளையாட்டு.]

எனக்குப் பிடிக்காதது இது. பத்து பாட்டிலைத் தள்ளினா பட்டாசு வெடிச்சு, "கடலைக் காப்பாத்திட்டே!"னு வரும். சுத்தப் பொய்.

[காட்சி: வட்டத் தொட்டி. தண்ணீர் சுழல்கிறது, ரப்பர் வாத்துகள் நடுவே சேர்கின்றன.]

இது தேவலை. 1992-ல பசிபிக்ல ஒரு கப்பல்ல இருந்து கண்டெய்னர்கள் விழுந்து, சுமார் 28,800 குளியல் பொம்மைகள் கடல்ல கொட்டிச்சு. எது எங்க கரை ஒதுங்குதுன்னு பார்த்தே நீரோட்டங்களைக் கணக்குப் போட்டாங்க கடல் ஆய்வாளர்கள்.

[காட்சி: மணல் தட்டு. மேலே ஒரு விளக்கு.]

என் ஓட்டு இந்தத் தட்டுக்குத்தான். மணலோட 5 மில்லிமீட்டருக்கும் சின்னதான பிளாஸ்டிக் துணுக்குகள் கலந்திருக்கு, அதாவது மைக்ரோபிளாஸ்டிக். கையில ஒரு இடுக்கி, ரெண்டு நிமிஷம். நீலம், சிவப்பு சட்டுனு மாட்டும். வெள்ளைதான் உயிரை வாங்கும். மணலா, பிளாஸ்டிக்கான்னு நகத்தால அழுத்திப் பார்க்கணும்.

இதை அமைக்கிறவங்க ஒண்ணு கவனிக்கணும்: தட்டைக் கழுவுற தண்ணியை நெருக்கமான துணியில வடிகட்டாம சாக்கடையில ஊத்தினா, கண்காட்சியே கடலுக்குத் துணுக்கு அனுப்பும்.

[மணி அடிக்கிறது. பையனின் கிண்ணத்தில் பதினோரு துணுக்குகள்.]

"மீதி?"னு கேக்குறான்.

[பணியாளர் கிண்ணத்தை மறுபடி மணலிலேயே கவிழ்த்துக் கிளறுகிறார். வரிசையில் அடுத்த பெண் இடுக்கியை எடுக்கிறாள்.]