இடிந்த சுவரும் இரண்டு சொற்களும்

(பந்தலூரில் மே தினக் கூட்டத்தில் பேசியது. நேரமில்லாமல் மேடையில் விட்டுப்போன சில விவரங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம், அய்யன்கொல்லி என்று நாலா பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் அக்கா தங்கைகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

போன வாரம் டீக்கடையில் ஒரு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "நம்ம சங்கத்து வக்கீலம்மா எம்.பி. தேர்தல்ல நிக்கப்போகுதாமே, நெசமா? அது டெல்லிக்குப் போயிட்டா நம்ம கேஸை எல்லாம் யாரு பார்ப்பா?" என்றார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் பக்கம் நிற்கும் வக்கீல்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அதில் ஒருவரையும் டெல்லிக்கு அனுப்பிவிட்டு என்ன செய்வது? அன்றைக்கு நின்ற நிலையில் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பதினாறு வயது. ஆடி மாத மழை. தேயிலை எஸ்டேட் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளைத்தான் லைன் என்போம். எங்கள் லைனில் பன்னிரண்டு வீடுகள். இரவு இரண்டு மணிக்கு எங்களுக்கு மூன்றாவது வீட்டின் பின்சுவர் விழுந்தது. அத்தை என்று நாங்கள் கூப்பிடுகிறவர் சுவரோரம் படுத்திருந்தார். கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தோம். உயிர் பிழைத்தார், ஆனால் இடுப்பு போய்விட்டது. அதற்கப்புறம் அவர் கொழுந்துக் கூடையைத் தூக்கவே இல்லை.

எஸ்டேட் ஆபீசில் சொன்னது ஒரே பதில்தான்: "மழை பெய்தது, சுவர் விழுந்தது. இயற்கைச் சீற்றம். நாங்கள் என்ன செய்ய முடியும்?" நாங்களும் அப்படித்தான் என்று நம்பினோம்.

அப்புறம்தான் ஒரு சங்கத்து வக்கீல் வந்தார். இன்று நிற்கிற வக்கீலம்மா பிற்பாடு அவரிடம்தான் ஜூனியராக இருந்தார். தோட்டத் தொழிலாளர் சட்டம் என்று 1951இல் ஒன்று வந்ததே, அதில் 1981இல் ஒரு திருத்தம் செய்து, எஸ்டேட் கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ செத்தாலோ காயப்பட்டாலோ முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று சேர்த்திருந்தார்கள். பிரிவு 16ஏ. அது வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் எங்கள் லைனில் ஒருவருக்கும் தெரியாது. இதைக் கவனமாகக் கேளுங்கள். அந்தப் பிரிவிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. வீடு இடிந்ததற்கு "முழுக்கவும் நேரடியாகவும்" குடியிருந்தவரின் தவறோ இயற்கைச் சீற்றமோ காரணமாக இருந்தால் இழப்பீடு இல்லை.

எஸ்டேட் தரப்பு இயற்கைச் சீற்றம் என்பதைப் பிடித்துக்கொண்டது. எங்கள் வக்கீல் அதற்கு முன்னால் இருந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டார். முழுக்கவும், நேரடியாகவும். விசாரணையில் அவர் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அதே லைன், அதே ராத்திரி, அதே மழை. பதினோரு வீடு நின்றது. இந்த ஒரு வீடு மட்டும் ஏன் விழுந்தது?" அந்த வீட்டின் ஓடு உடைந்து வருடக்கணக்கில் சுவருக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் மழை மட்டுமே முழுக் காரணம் இல்லையே! நாலு வருடம் இழுத்து, கடைசியில் அத்தைக்குப் பணம் வந்தது.

ஒரு குடும்பம் பிச்சை எடுக்காமல் பிழைத்தது அந்த இரண்டு சொற்களால். அந்தச் சொற்களை எழுதியது கூடலூரிலோ ஊட்டியிலோ இல்லை. பாராளுமன்றத்தில். யாரோ ஒருவர் யோசித்து அங்கே அவற்றை வைத்திருக்கிறார். வைக்காமல் விட்டிருந்தால் எவ்வளவு பெரிய வக்கீல் வந்திருந்தாலும் அத்தை கேஸ் தோற்றிருக்கும்.

சரி, இப்போது 2020க்கு வருவோம். ஆகஸ்ட் 6 ராத்திரி. மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து லைன் வீடுகளை அடித்துக்கொண்டு போனது. 70 பேர் செத்தார்கள். நம் ஆட்கள், பெரும்பாலோர் கயத்தாறு பக்கத்துப் பூர்வீகம். அதிலிருந்து 47ஆம் நாள், செப்டம்பர் 22, தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் மூன்று மக்களவையில் ஒரே நாளில் நிறைவேறின. எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்தன. மறுநாள் மாநிலங்களவையிலும் அப்படியே. முந்தைய வருடத்து ஊதியத் தொகுப்பையும் சேர்த்தால் 29 சட்டங்கள் 4 தொகுப்புகளாகிவிட்டன. 2025 நவம்பர் 21இல் அவை அமலுக்கு வந்தன. வீடு இடிந்தால் இழப்பீடு என்ற பிரிவு இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கிறது. இயற்கைச் சீற்றம் என்ற விலக்கும் கூடவே வந்து உட்கார்ந்திருக்கிறது.

அன்று அந்த அவையில் லைன் வீட்டுக் கேஸ் நடத்திய ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருக்கலாம்? ஒரு தனி எம்.பி.கூட, மசோதாவின் ஒரு பிரிவில் ஒரு வரியை மாற்றச் சொல்லித் திருத்தம் கொடுக்கலாம். வீட்டைப் பழுது பார்க்காத முதலாளி இயற்கைச் சீற்றம் என்று தப்பிக்க முடியாது, அதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது என்று ஒரு வரி. ஓட்டெடுப்பில் தோற்றாலும் அவைக் குறிப்பில் அது நிற்கும். அந்த வரியை எழுத, பெட்டிமுடியைச் செய்தியில் பார்த்தவரைவிட, இடிந்த சுவரைத் தொட்டுப் பார்த்தவருக்குத்தான் கை வரும்.

தொழிற்சங்கக்காரர் ஏன் வக்கீலாகவும் இருக்க வேண்டும், இரண்டு குதிரையில் சவாரி எதற்கு என்று சில தோழர்களே கேட்கிறார்கள். 1947இன் தொழில் தகராறு சட்டத்தில் 36ஆவது பிரிவு, சமரசப் பேச்சில் வக்கீலே வரக்கூடாது என்றது. தொழிலாளர் கோர்ட்டில் எதிர்த்தரப்பும் நீதிமன்றமும் சம்மதித்தால்தான் வரலாம் என்றது. பணக்கார முதலாளி பெரிய வக்கீல்களை இறக்கிவிடக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் சங்க நிர்வாகி தொழிலாளிக்காக வாதாடலாம். நிர்வாகியே வக்கீலாகவும் இருந்தால்? நிர்வாகி என்ற தகுதியில் அவர் வரலாம் என்று 1976இல் பாரதீப் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதலாளிகள் சங்கத்து நிர்வாகிகளுக்கும் அதே சலுகை உண்டு. அவர்கள் அப்படி ஆள் வைத்திருக்கும்போது நாமும் வைத்துக்கொள்ள வேண்டாமா?

இப்படி இரண்டுமாக இருந்தவர்கள் நம் நாட்டில் புதிதில்லை. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தை நடத்திய வ.உ.சி. வக்கீல். 1923இல் சென்னையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் வக்கீல். ஆனால் நான் இன்று பேச விரும்புவது வி.வி.கிரியைப் பற்றி. ஜனாதிபதியாக இருந்தவர் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவர் அயர்லாந்தில் சட்டம் படித்தவர், ரயில்வே தொழிலாளர் தலைவர், அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசான ஏ.ஐ.டி.யு.சி.க்கு இரண்டு முறை தலைவர். 1947 முதல் 1951 வரை இலங்கையில் இந்தியத் தூதராக இருந்தார். அங்கே தோட்டத் தமிழர்களின் குடியுரிமையும் ஓட்டும் பறிபோனது அந்த வருடங்களில்தான். இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாம் வழியாக டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள். ஓட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

1952இல் கிரி மக்களவைக்கு ஜெயித்துத் தொழிலாளர் அமைச்சரானார். தோட்டத் தொழிலாளர் சட்டம் அமலுக்கு வந்த 1954 ஏப்ரல் 1இல் அந்தத் துறை அவர் கையில்தான் இருந்தது. சில மாதத்தில் இன்னொன்று நடந்தது. வங்கி ஊழியர்களுக்குத் தீர்ப்பாயம் கொடுத்த தீர்ப்பை அரசாங்கம் குறைத்தது. தொழிலாளிக்குக் கிடைத்த தீர்ப்பில் கை வைக்கும் அரசில் நான் அமைச்சராக இருக்க மாட்டேன் என்ற நிலைக்கு வந்து கிரி ராஜினாமா செய்தார். டெல்லிக்குப் போனால் மறந்துவிடுவார்கள் என்று பேசுவோமே, மறக்காதவரும் இருந்திருக்கிறார்.

1957இல் அவர் தோற்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் நின்ற பார்வதிபுரம் அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதி: ஒன்று பொது இடம், ஒன்று பழங்குடியினருக்கு ஒதுக்கிய இடம். இரண்டு இடத்திலும் பழங்குடியினரே ஜெயித்தார்கள். பொது இடத்துக்குப் பழங்குடி வேட்பாளர் வர முடியாது என்று கிரி வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் வாழும் இந்த ஊரில் நின்றுகொண்டு சொல்கிறேன், அந்தத் தீர்ப்பு சரியான தீர்ப்பு. நல்ல தலைவரும் தப்பான வழக்குப் போடுவார். நாம் யாரையும் கும்பிட்டு அனுப்பப் போவதில்லை, கேள்வி கேட்டே அனுப்பப் போகிறோம்.

இனி நம் தொகுதி. நீலகிரி என்று பெயர். ஆனால் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்றுதான் மலை. மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் கீழ்நாடு. அங்கே விசைத்தறி இருக்கிறது, பனியன் வேலை இருக்கிறது, விவசாயக் கூலி இருக்கிறது. மலையில் மட்டும் பேசி யாரும் ஜெயிக்க முடியாது. தறிக்காரரின் கூலியும் நம் கூலியும் ஒரே ஊதியச் சட்டத்தின் கீழ் வருகின்றன என்று அவர்களிடம் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். செலவு வரம்பு 95 லட்சம் ரூபாய் என்று தேர்தல் கமிஷன் வைத்திருக்கிறது. உங்கள் ஒரு நாள் கூலியை வைத்து அதை வகுத்துப் பாருங்கள், மலைப்பாக இருக்கும். பணத்தில் நாம் போட்டி போட முடியாது. கீழே சொந்தக்காரர் இல்லாத குடும்பம் இங்கே எத்தனை? திருப்பூருக்கு வேலைக்குப் போகாத பிள்ளை எந்த லைனில் இருக்கிறது? அவர்களுக்கு ஆளுக்கு ஒரு போன் போட்டால் போதும்.

நம் கூடலூர் பக்கத்தில் பட்டா தீராமல் கிடக்கும் ஜென்மம் நிலப் பிரச்சினையைத் தொடச் சொல்லி மேடைக்குத் துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு ராத்திரி வேண்டும், இன்று வேண்டாம்.

அந்த அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன். கேஸை யார் பார்ப்பது? வக்கீலம்மாவிடம் இதை நேராகக் கேட்டேன். அவரிடம் இப்போது இரண்டு ஜூனியர்கள் இருக்கிறார்கள், ஒருவர் லைன் வீட்டுப் பெண். நடந்துகொண்டிருக்கும் கேஸ்களை அவர்களிடம் எழுதி ஒப்படைத்துவிட்டுத்தான் மனுத் தாக்கல் என்று சொன்னார். அந்தப் பட்டியலைச் சங்க ஆபீசில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கேஸ் அதில் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

இன்னொரு வேலை உங்களுக்கு. அத்தை கேஸில் எங்களைப் பாடாய்ப் படுத்தியது, சுவர் விரிசலைப் பற்றி நாங்கள் எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை என்பதுதான். வாயால் சொன்னது கோர்ட்டில் நிற்காது. ஜூன் பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும். அதற்குள் உங்கள் வீட்டுச் சுவரை, கூரை ஓடுகளை, பின்பக்க மண்மேட்டைப் போனில் படம் எடுங்கள். தேதி போட்டு மனு எழுதி எஸ்டேட் ஆபீசில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்க ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து சங்க ஆபீசில் ஆள் இருக்கும். நானும் இருப்பேன்.